எல்சன்பாக்கைச் சுற்றிப் போகும் கோடு

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. வட ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் எனக்குக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பிரிங்க்மன் குடும்பத்திடமிருந்து திருடியது. ஞாயிறு மதியம் கேக் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இரண்டு துண்டு ஆப்பிள் கேக்கையும் ஒரு கதையையும் விழுங்கிவிட்டு மாடியேறினேன். கேக்குக்கு மட்டும் நன்றி சொன்னேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தெற்கு ஜெர்மனியின் பச்சைக் குன்றுகளுக்கிடையே நெளிந்தோடும் சாலையில் அந்த நீலநிறக் கார்'

அடித்துவிட்டேன். யாரும் இன்னும் காரில் ஏறவேயில்லை. இது ஜனவரி, பயணம் ஆகஸ்டில். இந்த ஊரில் விடுமுறை என்பது திட்டமிடுவது. போய்வருவதெல்லாம் திட்டம் சரியாக இருந்ததா என்று பார்த்துவரத்தான்.

2.

கணவன் ஃபோல்க்மார் மேசைமேல் வரைபடத்தை விரித்து, தெற்கிலுள்ள சின்னச் சின்ன ஊர்களையெல்லாம் சிவப்புப் பேனாவால் இணைத்திருந்தான். பக்கத்தில் கட்டம்போட்ட ஒரு தாள். எந்த ஊரில் காபி, எந்த ஊரில் கோட்டைச்சுவர் எல்லாம் அதில் இருந்தது. புதன்கிழமை மதியத்துக்கு எதிரே 'திட்டமில்லாமல் சுற்றுதல்' என்று எழுதி, அது எத்தனை மணிக்கு முடியவேண்டும் என்பதையும் குறித்திருந்தான்.

(இவனை நான் மிகைப்படுத்தவில்லை. குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.)

மகள் வீப்கவுக்குப் பதினைந்து வயது. வரைபடத்தில் விரலை வைத்தாள்.

"அப்பா, எல்லா இடத்துலயும் ஒழுங்கா வர்ற கோடு, இங்க மட்டும் ஏன் சேத்தைப் பார்த்த பூனை மாதிரி ஒதுங்கிப் போகுது?"

"அங்க ரோடு வேலை நடக்குது."

"ஆகஸ்ட்லகூடவா?"

"ஆரம்பிச்சது போன வருஷம்தானே. அதுக்குள்ள முடிச்சிருவாங்களா?"

மனைவி அன்னகிரேட் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். கோடு ஒதுங்கிப்போன ஊர் எல்சன்பாக். அவள் பிறந்த ஊர். அங்கே குடும்பத்துக்குச் சொந்தமான 'கரடி விடுதி' என்ற உணவகத்தை அவளுடைய அக்கா ரோஸ்விதா நடத்துகிறாள். அம்மாவை அடக்கம் செய்த நாளோடு அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வருடம் ஒன்பது ஆகிறது.

3.

இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு கனமான காரணம் தரவேண்டும். சொத்துத் தகராறு என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அக்காவுக்கும் ஃபோல்க்மாருக்கும் முன்பு ஒரு

வேண்டாம். ஃபோல்க்மாரை நீங்கள் பார்த்ததில்லை. அவனுக்கு அதெல்லாம் நடக்காது.

உண்மைக் காரணம் உருளைக்கிழங்கு சாலட்.

அம்மாவை அடக்கம் செய்தபின் நடக்கும் விருந்துக்கு, அன்னகிரேட் ஒரு பெரிய டப்பா நிறைய சாலட் செய்து, வழிநெடுக மடியில் வைத்துக்கொண்டு போனாள். கணவன் ஊர்ப் பழக்கத்தில் மயோனைஸ் போட்டுச் செய்திருந்தாள். தெற்கே அதை மாட்டெலும்புச் சாற்றில்தான் பிசைவார்கள். மயோனைஸ் அவர்களுக்குக் கிட்டத்தட்ட மதமாற்றம். ரோஸ்விதா அந்த டப்பாவைப் பந்திக்கே கொண்டுவரவில்லை. கிளம்பும்போது மூடிகூடத் திறக்காமல் கார் ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"இந்தா. உங்க பக்கத்து ஆளுங்க திம்பாங்க."

நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, டப்பாவைக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்துவிட்டு, அன்னகிரேட் குலுங்கிக் குலுங்கி அழுதாள். சாலட் போனதற்காக அழவில்லை. 'உங்க பக்கம்' என்ற சொல் அவளைக் குத்திவிட்டது. பெற்ற தாயைப் புதைத்த அன்றே பிறந்த வீட்டுக்கு அவள் வெளியாள் ஆகிவிட்டாள்.

நம்ப முடியவில்லையா? கல்யாணப் பந்தியில் பாயசம் தன் இலைக்கு வரவில்லை என்று பதினைந்து வருடம் முறுக்கிக்கொண்டிருந்த சித்தப்பா உங்கள் வீட்டில் இல்லையா? இருக்கிறார். உட்காருங்கள்.

5.

(நான்காம் பகுதியில் அக்காவின் நியாயத்தை எழுதியிருந்தேன். அது அன்னகிரேட்டின் நியாயத்தைவிட எடுபட்டதால் கிழித்துவிட்டேன். ஒரு வரி மட்டும் மிஞ்சியது: படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைக் கடைசிவரை தூக்கிக் குளிப்பாட்டியவள் ரோஸ்விதா, கிறிஸ்துமஸுக்கு வந்துபோனவள் தங்கை.)

ஃபோல்க்மாரின் திட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அந்த வட்டாரத்தைக் கடக்கும் நாள் திங்கட்கிழமை. வீப்க போனில் தேட ஆரம்பித்தாள்.

"இந்த விடுதி திங்கள் ஓய்வு. இதுவும் திங்கள் ஓய்வு. அட, இதுவும்! ஒண்ணே ஒண்ணுதான் திறந்திருக்கு, அவங்களுக்குச் செவ்வாய்தான் ஓய்வு." முகத்தைப் பச்சைக்குழந்தைபோல வைத்துக்கொண்டாள். "எல்சன்பாக். பெரியம்மா கடை."

(ஒரு துருக்கிக்காரரின் கெபாப் கடையும் திறந்திருந்தது. கதையின் நலன் கருதி மூடிவிட்டேன்.)

"ரொட்டி கட்டி எடுத்துட்டுப் போயிரலாம்" என்றான் ஃபோல்க்மார் அவசரமாக. "வண்டியிலயே சாப்பிடலாம்."

கார் இருக்கையில் ரொட்டித்தூள் விழுந்தால் சாப்பாட்டையே வெறுக்கிறவன் அவன். அன்னகிரேட் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கோட்டை யாருக்காக வளைச்ச?"

"உனக்காகத்தான்."

"நான் கேட்டேனா?"

"கேக்கல. போன தடவை அந்த ஊர்ப் பலகையைப் பார்த்துட்டு ரெண்டு நாள் நீ வாயே திறக்கலியே. மறுபடி அப்படி உன்னைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை."

இவனைத்தான் நான் முன்பக்கத்தில் கிண்டலடித்தேன். போகட்டும், அது அங்கேயே இருக்கட்டும்.

"வீப்க, அந்த நம்பரைப் போடு" என்றாள் அன்னகிரேட்.

6.

வீப்க நம்பரைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். மறுமுனையில் பாத்திரச் சத்தம்.

"கரடி விடுதி."

"ஆகஸ்ட்ல ஒரு திங்கட்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மேசை வேணும்" என்றாள் அன்னகிரேட்.

பாத்திரச் சத்தம் நின்றது.

"ஆகஸ்ட்டுக்கு இப்பவே மேசையா? வடக்கத்திக்காரங்களா நீங்க?"

"ஆமா... இல்ல. அங்கதான் இருக்கேன்."

"எத்தன பேரு?"

"மூணு பேரு."

"உருளைக்கிழங்கு சாலட் எங்க முறையிலதான் இருக்கும். சொல்லிட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி." மூக்கை உறிஞ்சும் சத்தம். சளியாகவும் இருக்கலாம், ஜனவரிதானே. "எந்தப் பேர்ல எழுதட்டும்?"

7.

முடிவுகள் கைவசம் உண்டு. ஒன்று: அவள் "பிரிங்க்மன்" என்கிறாள், அக்கா "நன்றி" என்று வைத்துவிடுகிறாள். இது கௌரவமான முடிவு, அதனால் உதவாது. இரண்டு: "அக்கா!" என்கிறாள், இருவரும் ஓவென்று அழுகிறார்கள். எழுதிப் பார்த்ததில் தாள் நனைந்ததுதான் மிச்சம். மூன்று: இணைப்பு அறுந்துவிடுகிறது. இந்நாட்டுக் கிராமங்களில் அது நம்பும்படியாகவே இருக்கும். ஆனாலும் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நிஜத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வி வந்ததும் அன்னகிரேட்டின் முகத்தைப் பார்த்தேன். அதற்குமேல் அந்த அறையில் உட்கார்ந்திருக்க எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. தட்டை வைத்துவிட்டு மாடியேறிவிட்டேன்.

போவதற்கு முன் ஒன்று. சின்ன வயதில் அன்னகிரேட்டை வீட்டில் 'அன்னலே' என்று கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி எல்சன்பாக் கல்லறையில் இருக்கிறாள். இன்னொருத்தி பேனாவைப் பிடித்தபடி காத்திருக்கிறாள்.

போனைப் பிடியுங்கள். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், மயோனைஸ் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.