காலை ஏழு மணி விரல்கள்

குளிர்காலத்தில் என் சித்தப்பாவின் விரல்களுக்குக் காலை ஒன்பது மணிக்குத்தான் விடியும். அவருடைய சலூனோ ஏழு மணிக்கே திறந்துவிடும். நடுவில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் எங்கள் வீட்டின் ரகசியம்.

மூட்டுவாதம் என்று டாக்டர் சொன்னார். "குளிர்ல இறுக்கம் கூடும். மாத்திரையை விடாதீங்க. கையை எப்பவும் சூடா வெச்சுக்குங்க. கையுறை போடுங்க."

"கையுறை போட்டுக்கிட்டுச் சவரம் பண்ணினா மீசையோட மூக்கும் வந்துடும் டாக்டர்."

"அப்ப வெந்நீர்ல கையை வெச்சு, விரலை மெதுவா மடக்கி விரிங்க. ஒரு கால் மணி நேரம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சித்தப்பா புலம்பினார். "ஆளை நாற்காலியில உட்கார வெச்சுட்டு நான் கையை ஊறப்போட்டா அவன் என்ன நினைப்பான்? மடங்காத கையில கத்தியைப் பார்த்தா எவன் கழுத்தை நீட்டுவான்? விஷயம் வெளியே போச்சுன்னா கடையை இழுத்து மூட வேண்டியதுதான்."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க, அவ்வளவுதானே" என்றாள் சித்தி.

சொல்லாமல் சமாளிக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வந்து உட்காருகிறவரின் முகத்தில் வெந்நீரில் நனைத்த துண்டைப் போர்த்துவார். அதன்மேல் தன் பத்து விரல்களையும் பரப்பி வைத்துக்கொள்வார். துண்டு ஆறினால் வேறு துண்டு. விரல் மடங்கும்வரை இது நடக்கும். முகம் வெறும் சாக்குதான் என்பது துண்டுக்கு அடியில் இருப்பவருக்குத் தெரியாது. பாதிப் பேர் குறட்டை விட்டார்கள்.

வில்லங்கம் அங்கேதான் முளைத்தது. துண்டுக்காகவே கூட்டம் வர ஆரம்பித்தது. இரண்டு முடி முளைத்தவர்கள்கூட ஆறே முக்காலுக்கே வந்து பெஞ்சை நிரப்பினார்கள். ஓய்வு கொடுக்க வேண்டிய விரல்களுக்கு வேலை இரண்டு மடங்கானது. எல்லாம் ஒலிபெருக்கி செய்த வேலை. அவர் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். அவர் காதில் விழுந்தது மதியத்துக்குள் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிவிடும் என்பதால் இந்தப் பெயர். "ராஜ உபசாரம்யா!" என்று அவர்தான் ஊதிவிட்டிருந்தார்.

ஜன்னல் கண்ணாடியில் உறைபனி படிந்திருந்த ஒரு காலையில், தினமும் நாற்பது தடவை கொதித்துக்கொண்டிருந்த கெட்டில் கருகல் வாசனையோடு உயிரை விட்டது. சித்தி கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் ஓடி அடுப்பில் தண்ணீர் வைத்தாள். நாற்காலியில் ஒலிபெருக்கி. பெஞ்சில் மூன்று பேர்.

தண்ணீர் வரும்வரை நேரத்தைக் கடத்த வேண்டுமே. சித்தப்பா பிரஷ்ஷை முஷ்டியில் பிடித்துக்கொண்டு நுரை பூசினார். மறுபடி பூசினார்.

"மூணாவது பூச்சா? நான் என்ன வீடாய்யா?"

இனி கத்தியை எடுத்தே ஆக வேண்டும். கை போயிற்று, கத்தி தட்டிலேயே தங்கிவிட்டது, கை மட்டும் திரும்பி வந்தது. சூடான இடம் எதுவென்று சுற்றுமுற்றும் பார்த்த சித்தப்பா, ஒலிபெருக்கியின் சட்டைக் காலருக்குள் இரண்டு கைகளையும் நுழைத்துவிட்டார்.

"ஐயய்யோ!" ஒலிபெருக்கி நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினார். "கையா இது, ஐஸ் கட்டியா?"

"பிடரியைப் பிடிச்சு விடறேன் சார். ரத்த ஓட்டத்துக்கு நல்லது..."

"முதல்ல கத்தியைப் பிடிங்க, பார்க்கறேன்."

சித்தப்பா பிடிக்கவில்லை. "விரல் மடங்கலை சார். மூட்டுவாதம். குளிர் வந்ததுலேருந்தே காலையில இப்படித்தான்."

பெஞ்சில் இருந்தவர்கள் ஒரே சமயத்தில் தங்கள் கழுத்தைத் தடவிக்கொண்டார்கள். ஒருவர் மஃப்ளரை இறுக்கினார்.

அப்போது சித்தி வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்தாள். எல்லார் முகத்தையும் ஒரு பார்வை பார்த்தாள், புரிந்துவிட்டது. சூடு பார்த்துக் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டாள். சித்தப்பாவின் கைகளைப் பிடித்து அதற்குள் இறக்கினாள். பிறகு கத்தியை எடுத்தாள்.

"நீங்களா? அம்மா, எனக்கு எட்டரைக்கு ஆபீஸ்..."

"அதான் சொல்றேன், ஆடாம உட்காருங்க."

"உங்களுக்குப் பழக்கம் உண்டா?"

"இவர் மூஞ்சியைப் பாருங்க. ரெண்டு மாசமா இதை யார் வழிக்கிறாங்கன்னு நினைச்சீங்க? இவர் கையை நம்பியிருந்தா இந்நேரம் சாமியார் ஆகியிருப்பார்."

நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வழவழவென்று இருந்தது, ஒரு கீறல் இல்லை. கைகள் பாத்திரத்தில் மாட்டியிருந்ததால் சித்தப்பாவால் முகத்தை மூட முடியவில்லை. வேறு வழியில்லாமல் வலது கன்னத்தைக் காட்டினார். பிறகு இடது கன்னத்தையும் காட்டினார்.

"மேலுதட்டுக்கிட்ட பார்த்து..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க விரலை மடக்குற வேலையைப் பாருங்க" என்றாள் சித்தி.

நுரை பட்டை பட்டையாக இறங்கியது. ஒலிபெருக்கி மூச்சு விடவே பயந்தார். எல்லாம் முடிந்து கண்ணாடியில் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கிளம்பிப் போனார். அவர் பேசாமல் போனதுதான் சித்தப்பாவைக் கலக்கிவிட்டது. "நாளைக்கு இந்த பெஞ்சுல தூசிதான் உட்காரும்" என்றார்.

மறுநாள் பெஞ்சு நிறைந்து, மேற்கொண்டு இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி போன இடமெல்லாம் சித்தியின் கைவண்ணத்தை ஊதியிருந்தார். ஏழிலிருந்து ஒன்பதுவரை சித்தி வழித்தாள். சித்தப்பா எல்லார் கண்ணுக்கும் முன்னால் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு, "கிருதாவைச் சரிபண்ணு, அந்தப் பக்கம் பாரு" என்று அதிகாரம் செய்தார். ஒன்பது மணிக்கு விரல்கள் வழிக்கு வந்துவிட்டன. கத்தியைத் தீட்டினார், துணியை உதறினார், வாசலில் வந்து நின்ற மருந்துக்கடைக்காரரை "வாங்க சார்" என்று வாய் நிறைய அழைத்தார்.

மருந்துக்கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "அக்கா இல்லையா?"

"சமையல் பண்றா. நான் இருக்கேனே. இப்ப விரல் பிரமாதமா மடங்குது, பாருங்க."

பத்து விரல்களையும் மடக்கி விரித்துக் காட்டினார். மருந்துக்கடைக்காரர் நின்று நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் மடங்குது. ஆனா எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கே வரேன்."