வண்டி திரும்பிய வழி

வீட்டை விற்றாயிற்று, பசுவை விற்றாயிற்று. இனி ப்ரேமன் துறைமுகம் போய் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறவேண்டியதுதான். வேசர் ஆற்றுப் படகுத்துறை வரைக்கும் கெர்த்ரூடின் அண்ணன் ஃபெல்டன் தன் வண்டியில் கொண்டுபோய் விட்டுத் திரும்புவதாகப் பேச்சு. சுமை குறையட்டுமென்று புருஷன் ஹென்னர் கூடவே நடந்தான். மூட்டைகளுக்கு நடுவே, வாத்திறகு மெத்தையில், இரண்டு வயது மகள் லீனா.

"அமெரிக்காவுல பன்னி வறுபட்டு, முதுகுல கத்தியோடயே ஓடி வருமாம். மாப்பிள சும்மா வாயத் தொறந்தா போதும்," என்று ஃபெல்டன் வழியெல்லாம் சீண்டிக்கொண்டே வந்தான். தங்கை போவதை அவனால் தாங்க முடியவில்லை.

ஹெஸ்ஸே மலைச்சரிவில் பனிமழை பிடித்துக்கொண்டது. லீனாவுக்குக் காய்ச்சல் கண்டது. வழியில் தங்கிய சத்திரத்துக்காரி கொடுத்த கஷாயம் தொண்டையில் இறங்கவில்லை. ஆறு கண்ணுக்குத் தெரிந்த மத்தியானம், தாய் மடியிலேயே குழந்தை அடங்கிப்போனது.

ஹென்னர் படகுத்துறை ஊரின் பாதிரியாரைப் பார்த்துவிட்டு வந்தான். "இங்கயே அடக்கம் பண்ணிடலாம், கெர்த்ரூட். படகு காத்திருக்காது."

"பேர் தெரியாத ஊர்ல எம்புள்ளய விட்டுட்டு வரணுமா? நீங்க போங்க. நான் அண்ணனோட திரும்பிப் போறேன்."

"எங்க போவ? நம்ம அடுப்புல இப்ப வேற ஆளு சமைக்கிறா."

ஃபெல்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"தங்கச்சி, வண்டி எப்படியும் வெறுமையாத்தான் திரும்பணும். நான் கொண்டுபோறேன். நம்ம அம்மா கல்லறை பக்கத்துலயே படுக்க வெக்கிறேன். குளிர் இன்னும் விடல, ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் புள்ள தாங்குவா."

கெர்த்ரூட் எழுந்து மெத்தையை உதறி வண்டியில் விரித்தாள்.

"கப்பல்ல குளிருமே, இருக்கறது அது ஒண்ணுதான்," என்றான் ஹென்னர் மெதுவாக.

"நமக்குக் குளிரட்டும்."

குழந்தையைக் கிடத்தி, போர்த்தி, மேலே கயிறு கட்டக்கூடாதென்று அண்ணனிடம் சத்தியம் வாங்கினாள். ஃபெல்டன் குதிரையைத் திருப்பினான். மாப்பிள்ளையின் கையைப் பிடித்தான்.

"பள்ளம் பாத்து ஓட்டுண்ணே!" என்று கத்தினாள் கெர்த்ரூட்.

அவன் ஏறி உட்காரவில்லை. கடிவாளத்தைப் பிடித்துக் குதிரைக்கு முன்னால் நடந்தான்.

படகில் ஹென்னர் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். அவள் உட்கார்ந்ததும் அவன் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினான். அதுவரை அவன் அழுததே இல்லை. கெர்த்ரூட் தன் சால்வையின் ஒரு பாதியை அவன் தோளில் போட்டாள். படகுக்காரன் கழியை ஊன்றித் தள்ளினான்.