சுவரில் இருந்த டெய்லரக்கா

தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லரக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். மருந்துக் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த ஓர் அறைதான் அவள் கடை. இரண்டு தையல் மெஷின், துணி வெட்ட ஒரு நீள மேஜை, ஆளுயரக் கண்ணாடி, அளவெடுக்கும் இடத்தில் ஒரு திரை. பதினாறு வருஷத்தில் சொன்ன நாளில் துணி கொடுக்காமல் விட்டதில்லை என்று பேர் வாங்கியிருந்தாள். வாய்தான் கொஞ்சம் நீளம்.

அவளுடைய தம்பி சுவர்களில் படம் வரைந்து பிழைப்பவன். பெரிய ஆஸ்பத்திரியின் வெளிச்சுவரில் எய்ட்ஸ் பற்றி ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு படம் வரைய வேண்டும் என்று அவனுக்கு வேலை வந்தது. அவனும் ஒரு மண்டை ஓடு, அதைச் சுற்றி ஒரு பாம்பு, ரத்தம் சொட்டுகிற எழுத்து என்று காகிதத்தில் தீட்டிக்கொண்டு போனான். அங்கே எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்லும் அம்மா அதைப் பார்த்துவிட்டு மேஜைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"இதைப் பார்த்தா டெஸ்ட் எடுக்க வர்றவங்களும் வந்த வழியே ஓடிடுவாங்க தம்பி. எனக்கு மனுஷங்க வேணும். மாத்திரை போட்டுக்கிட்டு, நல்லா இருந்துக்கிட்டு, வேலைக்குப் போறவங்க."

அப்படிப்பட்டவர்கள் அந்த ஆஸ்பத்திரிக்குத் தினமும்தான் வந்துபோனார்கள். ஆனால் அவர்களில் யாரிடம் போய் "உங்க முகத்தைச் சுவர்ல வரையட்டுமா" என்று கேட்பது? வேலைக்கும் வீட்டுக்கும் தெரியாமல் வருகிறவர்கள் பாதிப் பேர். தம்பி நேரே அக்கா கடைக்கு வந்தான்.

"அக்கா, உன் மூஞ்சியைக் கொஞ்சம் இரவல் குடு."

"திருப்பிக் குடுப்பியாடா?"

அவன் விஷயத்தைச் சொன்னான். அவள் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யோசிச்சுச் சொல்லுக்கா. பயமா இருந்தா வேணாம்."

"எனக்கென்ன பயம்? என் மூஞ்சியைச் சுவர்ல பார்த்தா நோய்தான் பயப்படணும். வரைஞ்சுக்கோ."

ஆலோசனை அம்மா அப்படி லேசில் விடவில்லை. அவளை வரவழைத்து உட்கார வைத்து மூன்று தடவை கேட்டார். பார்க்கிறவர்கள் உங்களுக்கே இருக்கிறது என்று நினைப்பார்கள், வீட்டில் பேசினீர்களா, பிள்ளைகள் இருக்கிறார்களா என்றெல்லாம். பிள்ளைகள் இல்லை, வீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது என்றாள். அவள் கணவர் வயரிங் வேலை செய்கிறவர். "சுவர்ல தானே? நல்லாவே வரையச் சொல்லு" என்றதோடு சரி. படத்தில் இருப்பவர் நோயாளி அல்ல என்று கீழே ஒரு வரி எழுதிவிடுவது என்று முடிவாயிற்று.

பத்து நாளில் படம் முடிந்தது. மெஷின் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள், ஒன்றரை ஆள் உயரத்தில். மூக்கு நுனியில் கண்ணாடி, பல்லிடுக்கில் நூல், ஒரு புருவம் மட்டும் மேலே ஏறி, "என்ன வேணும்?" என்று கேட்கிற பார்வை. பக்கத்தில் பெரிய எழுத்தில்: "எனக்கு எச்.ஐ.வி. வந்து பத்து வருஷம். தினமும் மாத்திரை போடறேன். உங்க சட்டை வியாழக்கிழமை ரெடி." அவள் அதைப் படித்துவிட்டு நடைபாதையிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள்.

கீழே எழுதிய அந்த ஒரு வரி மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்த அந்தச் சுவரோரத்தைத்தான் பிடித்திருந்தார்கள்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம், அளவெடுக்க நிற்க வேண்டிய பெண்கள் பழைய உடுப்பு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். "இதே அளவு போதும்க்கா, டேப்பெல்லாம் வேணாம்." பிறகு, வங்கி அதிகாரியின் மனைவி தைக்கக் கொடுத்த மூன்று துணியையும் வெட்டுவதற்கு முன்பே திருப்பி வாங்கிக்கொண்டு போனார். வெளியூர் போகிறாராம். மறுநாள் அவரே தெருமுனையில் காய்கறி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

இன்னொருத்தி சுற்றிவளைத்துக் கேட்டாள். "ஊசி அடிக்கடி கையில குத்துமில்ல?"

"பதினாறு வருஷமாக் குத்துது."

"ரத்தம் துணியில பட்டா?"

"கறையாகும். சோப்புப் போட்டாப் போயிடும்" என்றாள் டெய்லரக்கா. கேட்டவளும் அதற்குப் பிறகு வரவில்லை.

நாலாவது வாரத்தில் ஒரு மெஷினுக்கு வேலையே இல்லை. கணவருக்குப் பொறுக்கவில்லை. "உனக்கு இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோச்சு. வாயைத் தைச்சா வச்சிருக்கே? ஊருக்கெல்லாம் பேசற வாயி."

"சொல்ல வருதுங்க. தொண்டை வரைக்கும் வருது. ஆனா நான் இல்லைன்னதும் 'அப்பாடா'ன்னு ஒரு மூச்சு விடுவாங்க பாருங்க, அதை என்னால பார்க்க முடியாது."

சொன்னாளே தவிர, அவளுக்கும் மனசு கரைந்துகொண்டுதான் வந்தது. வீம்பு எத்தனை நாளைக்கு? தம்பி வந்து, அந்த ஒரு வரியைப் படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் எழுதிவிடுகிறேன் என்றபோது அவள் மறுக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வா. சொல்றேன்" என்றாள். சரி என்றுதான் சொல்வதாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், தெருவே அடங்கிக் கிடந்த நேரத்தில், கணக்கு டீச்சர் வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. முப்பது வயதுக்கு மேல் இருக்கும், கல்யாணம் ஆகவில்லை, அக்கா குடும்பத்தோடு இருந்தார். கையில் ஒரு பாவாடை. இடுப்பைச் சின்னதாக்க வேண்டுமாம். டெய்லரக்கா டேப்பை எடுத்ததும் பேசாமல் வந்து நின்றார். இந்த மூன்று வாரத்தில் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட விட்ட முதல் ஆள்.

"ரொம்ப இளைச்சிட்டீங்களே டீச்சர்?"

டீச்சர் திரும்பி வாசலைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அக்கா, அந்த மாத்திரை... முதல் மாசம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு? தலை சுத்துமாமே? வெளியே தெரியற மாதிரி ஏதாவது ஆகுமா?"

டெய்லரக்காவின் கையிலிருந்த டேப் அப்படியே நின்றது.

"எனக்கு ரெண்டு மாசம் முன்னாடி தெரிஞ்சுது" என்றார் டீச்சர். "ரிப்போர்ட்டைப் பரீட்சைப் பேப்பர் கட்டுக்குள்ள வச்சிருக்கேன். மாத்திரை வாங்கப் போகல. அங்கே யாராவது பார்த்துட்டா வேலை என்னாகும், எங்கக்கா என்னை வீட்டுல வச்சிருப்பாளா... தினம் பஸ்ஸுல போகும்போது உங்க படத்தைப் பார்ப்பேன். பத்து வருஷம் ஆச்சுன்னு போட்டிருக்கு. நீங்க இங்கே திடமா உக்கார்ந்து எல்லாரையும் அதட்டிட்டு இருக்கீங்க. உங்ககிட்டதான் கேக்கணும்னு தோணுச்சு."

இத்தனை நாள் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பிடிவாதமாக வைத்திருந்த வார்த்தையை, இப்போது சொல்லியே ஆக வேண்டியிருந்தது. ஆமாம் என்று சொல்ல அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் வாயில் போடாத மாத்திரையைப் பற்றி என்னவென்று சொல்வாள்?

"டீச்சர், எனக்கு அது இல்ல. அது வெறும் படம். எந்தம்பி வரைஞ்சது."

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. பாவாடையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். டெய்லரக்கா குறுக்கே போய்க் கடைக் கதவைப் பாதி சாத்தி, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. ஏமாத்திட்டேன்னு நினைச்சா நல்லாத் திட்டிட்டுப் போங்க. ஆனா உக்கார்ந்து திட்டுங்க."

டீச்சர் திட்டவில்லை. அழுதார். வெகுநேரம் அழுதார். அடக்கி வைத்திருந்ததெல்லாம் வரட்டும் என்று டெய்லரக்கா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "கடை லீவு!" என்று உள்ளேயிருந்தே கத்தினாள்.

"இப்ப உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்" என்றார் டீச்சர் கடைசியில்.

"தெரிஞ்சதை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க எனக்கு வராது. நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவுதானே? காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"பார்த்துட்டா?"

டெய்லரக்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. "யாரைப் பார்ப்பாங்க? சுவர்ல இருக்கறவளைப் பார்ப்பாங்க. டெய்லரக்காவுக்கு உடம்பு முடியல, பாவம் டீச்சர் துணைக்கு வந்திருக்காங்கன்னு பேசுவாங்க."

அப்படியேதான் ஆயிற்று. சனிக்கிழமை காலை இரண்டு பேரும் ஆலோசனை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, கை ஒடிந்த மாமனாரைக் கூட்டிக்கொண்டு போன பக்கத்துத் தெருப் பெண் டெய்லரக்காவை மேலும் கீழும் பார்த்தாள். டீச்சரைப் பார்த்து, "உங்களுக்கு ரொம்ப நல்ல மனசுங்க" என்றாள். டெய்லரக்கா சிரிப்பை அடக்க, முந்தானை இல்லாத குறைக்குக் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

உள்ளே டீச்சர் மட்டும் போனார். ஒரு மணி நேரம் கழித்து, கையெழுத்துப் போட்ட அட்டையும் ஒரு டப்பா மாத்திரையுமாக வந்தார். "தினம் ஒண்ணுதானாம். ஒழுங்காப் போட்டா ரத்தத்துல கிருமி இருக்கற தடமே தெரியாத அளவுக்குக் குறைஞ்சிடுமாம். அப்புறம் யாருக்கும் பரவாதாம்." பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிற அதே குரல்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றான்.

"வேணாம்டா. இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

"என்னக்கா, நீதானே..."

"இருக்கட்டும்னா இருக்கட்டும்."

காரணத்தை அவனிடமும் சொல்லவில்லை, கணவரிடமும் சொல்லவில்லை. அவர் மட்டும் அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரி, ரெண்டாவது மெஷினுக்கு எண்ணெயாவது போட்டு வைப்போம்" என்று உட்கார்ந்தார்.

மாதத்துக்கு ஒரு தடவை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். மழைக்காலம் வந்தது, போயிற்று. போன வாடிக்கையாளர்களில் சிலர் வேறு இடத்தில் தைத்துப் பார்த்து, தோள் தூக்கிக்கொண்டும் கழுத்து இறங்கியும் கிடந்த உடுப்புகளோடு அசட்டுச் சிரிப்புச் சிரித்தபடி திரும்பி வந்தார்கள். வங்கி அதிகாரியின் மனைவி வரவேயில்லை. டீச்சரின் உடம்பு தேறியது. பிடித்த இடுப்பையெல்லாம் பிரிக்க வேண்டியதாயிற்று. ஆறாவது மாதப் பரிசோதனையில் கிருமி தென்படவில்லை என்று வந்தபோது, இருவரும் ஆஸ்பத்திரி வாசலில் ஆளுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தின்றார்கள்.

பத்தாவது மாதம் ஒரு நாள் சாயங்காலம் டீச்சர் கடைக்கு வந்தார். கூடவே அவர் அக்கா. டீச்சர் சாயலே, இன்னும் கொஞ்சம் பருமன். அழுது வீங்கிய கண்.

"அக்காகிட்ட நேத்துச் சொல்லிட்டேன்" என்றார் டீச்சர்.

டெய்லரக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்தம்மா உட்காரவில்லை. "கூடப் பொறந்தவ நான் இருக்கேன். என்கிட்ட மறைச்சிட்டு உங்ககிட்ட சொல்லியிருக்கா. நீங்களும் பத்து மாசமா வாயைத் திறக்கல."

"ஆமாங்க" என்றாள் டெய்லரக்கா.

அந்தம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, டெய்லரக்காவைப் பார்த்தே கேட்டார்: "அந்த மாத்திரையை வெறும் வயித்துல போடணுமா, சாப்பிட்டுட்டா?"

"அதை அவங்களைக் கேளுங்க. நான் கூடப் போறவ மட்டும்தான்."

அந்தம்மா தங்கைப் பக்கம் திரும்பினார். "எப்படிப் போடறே?"

"ராத்திரி சாப்பிட்டதும், அக்கா."

"அதான் தட்டைக் கழுவிட்டு அவசரமா ரூமுக்கு ஓடுவியா?" என்றார் அந்தம்மா. "இனிமே ஓடாதே. எங்களோடயே உக்கார்ந்து போடு."