கதிரவேலர் அழுத்த மறுத்த எழுத்து

அரியாலைக் கிராமச்சங்கத் தலைவர் கதிரவேலர் ஆறாயிரம் புகையிலைக் கன்றுக்குச் சளைக்காமல் தண்ணீர் இறைத்தவர். அப்படிப்பட்டவரை ஒரேயொரு இங்கிலீசுச் சொல் மூன்று நாளாக உலுப்பிக்கொண்டிருந்தது.

புதிய வாசிகசாலையைத் திறக்க அரசாங்க ஏசண்டுத்துரை வருகிறார். வரவேற்புப் பத்திரத்தைப் பட்டணத்தில் வழக்குப் பேசும் பிரக்கிராசி ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். மற்றதெல்லாம் கதிரவேலருக்கு வாசிக்க வரும். நடுவில் கிடந்த 'றெஸ்பொன்சிபிலிற்றி'தான் தொண்டையில் சிக்கியது.

மனைவி குணலட்சுமி மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். வெங்காயம் உரித்தபடியே சொல்லிக் கொடுத்தார்.

"உது துண்டு துண்டா ஒட்டின சொல். றெஸ்பொன்ஸ் எண்டால் மறுமொழி. ஒரு வால் ஒட்டினால் றெஸ்பொன்சிபிள், பொறுப்பானவர். அதுக்குமேலை இற்றி ஒட்டினால் பொறுப்பு. றெஸ், பொன், சி, பி, லி, ற்றி. சொல்லுங்கோ பாப்பம்."

கதிரவேலர் 'பொன்'னை வாய் நிறைய அழுத்திச் சொன்னார்.

"பொன்னிலை இல்லை. இற்றி வந்தால் லிற்றிக்கு முன்னாலை நிக்கிறதைத்தான் அழுத்த வேணும். பீ."

"என்ன?"

"பீ."

"இஞ்சேரும், உமக்கென்ன விசரே? பொன்னை விட்டிட்டு, சபை நடுவிலை நிண்டு அதையோ நான் அழுத்திச் சொல்லுறது?"

"இங்கிலீசிலை அது வெறும் சத்தம்."

"அங்கை குந்தியிருக்கப் போறது தமிழ்ச்சனம்!"

திறப்புவிழாவன்று பந்தல் நிரம்பி வழிந்தது. கதிரவேலர் தலைப்பாகையும் கோட்டுமாக நின்று தடையில்லாமல் வாசித்துக்கொண்டு வந்தார். அந்த இடம் வந்தது.

"றெஸ்... பொன்... சி..."

நின்றுவிட்டார். கண் சனத்தின் பக்கம் போனது. துரை தலையைச் சரித்துப் பார்த்தார். பெண்கள் பக்கத்திலிருந்த குணலட்சுமிக்குப் பொறுக்க முடியவில்லை.

"பீ!" என்றார், பந்தல் முழுக்கக் கேட்கும்படி.

முன்வரிசையிலிருந்த ஒருவர் "எங்கை?" என்று பதறிக் காலைத் தூக்கிப் பார்த்தார். பந்தல் வெடித்துச் சிரித்தது.

துரை, மொழிபெயர்க்க வந்த முதலியார் செபநாயகத்திடம் காரணம் கேட்டார். செபநாயகம் உதட்டைக் கடித்துக்கொண்டு, பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டுச் சனங்கள் பூரிக்கிறார்கள் என்றார்.

துரைக்கு மனம் இளகிவிட்டது. இப்படிப் பொறுப்பை விரும்பும் சனத்தைத் தாம் வேறெங்கும் கண்டதில்லை என்று பேசத் தொடங்கி, அந்தச் சொல்லை நான்கு முறை சொன்னார். நான்கு முறையும் அழுத்தம் பிசகாமல் அதே இடத்தில் விழுந்தது. சனம் கண்ணீர் வரச் சிரித்துக் கைதட்டியது. மூன்றாம் முறையில் கதிரவேலரும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார்.

வண்டிலில் வீடு திரும்பும்போது குணலட்சுமி தலை நிமிரவில்லை. "உங்களை ஊர் சிரிக்கப் பண்ணிப்போட்டன், என்ன?"

"துரையும் அப்பிடித்தானே சொன்னவர். நீர் சொன்னதுதான் சரி," என்றார் கதிரவேலர்.

அடுத்த சங்கக் கூட்டத்தில், வாசிகசாலைக்கு வரும் இங்கிலீசுப் பத்திரிகையை ஞாயிறுதோறும் குணலட்சுமி அம்மா உரக்க வாசித்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று கதிரவேலரே தீர்மானம் பிரேரித்தார். முதல் ஞாயிறே சனம் திரண்டது. கதிரவேலருக்குக் கடைசி வரிசை வாங்கில்தான் உட்கார இடம் கிடைத்தது.