சொதிப் பந்தி

என் பெரியண்ணன் சிவசங்கரன் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர். மூத்தவன்தான், ஆனாலும் 'அவன்' என்றே எழுதுகிறேன். மரியாதையெல்லாம் தொண்ணூற்றாறிலேயே தீர்ந்துவிட்டது.

அந்த வருஷம், அவன் மகள் ப்ரியாவின் கல்யாணத்துக்கு மறுநாள் காலையில், எங்கள் டவுன் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. எதற்கென்று கேட்டேன்.

"பந்தி முடியுத வரைக்கும் உள்ளேயே கெடக்கட்டும், பெறவு குமரகுருபரனைக் கொண்டு விட்டுட்டு வாரேன். கடலோரத்துல ஒரு இடம் இருக்கு. அங்கன பாத்துக்கிடுவாங்க" என்றான்.

என்ன பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே காலில் சங்கிலி போடுவார்கள்.

குமரகுருபரன் எங்கள் சின்னண்ணன். பல வருஷமாக மனச்சிதைவு நோய். காதில் கேட்ட குரல்கள் மாத்திரையில் அடங்கிவிட்டன. ஆனால் நாம் பேசுவது அவருக்குள் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். ஒரு வேலையைச் சொல்லிப் பொறுத்திருந்தால் சுத்தமாகச் செய்வார். இரண்டு மூன்றைச் சேர்த்துச் சொன்னால் எல்லாம் குழம்பி நின்ற இடத்திலேயே நிற்பார். இதுவும் நோய்தான் என்று பாளையங்கோட்டை டாக்டர் பெரியண்ணனிடமே சொன்னார். வீட்டுக்கு வந்து இவன் சொன்னது வேறு.

"கொரலுதான் போயிட்டுல்லா? பெறவென்ன நோயி? எல்லாம் கொழுப்பு."

எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன் இவன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பந்தியில பொண்ணோட சித்தப்பா எங்கேன்னு சம்பந்தக்காரவிய கேட்டா என்ன சொல்லுவிய?" என்றேன். அதில்தான் மடங்கினான். மறுவீட்டுக்குத் தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதிச் சாப்பாட்டைப் பெண் வீட்டு ஆண்கள் தங்கள் கையால் பரிமாற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஒருவர் குறைந்தாலும் பேச்சு வரும். நோயை மறைத்துத்தான் சம்பந்தமே பேசியிருந்தான்.

"சரி, பரிமாறட்டும். மானத்தை வாங்காம பரிமாறுனா வேன் திரும்பிப் போவும். இல்லன்னா ஏத்திருவேன், பாத்துக்க."

சின்னண்ணன் கையில் சொதி வாளியை மட்டும் கொடுத்தேன். "இந்த வரிசைக்கு ஊத்துங்க" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. சோற்றின் நடுவில், ஒரு சொட்டு இலையில் சிந்தாமல் ஊற்றிக்கொண்டே போனார். எனக்கு மனசு நிறைந்துபோனது.

பெரியண்ணனுக்குப் பொறுக்கவில்லையோ, பயமோ, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினான்.

"ஏலே, அத விடு! மாப்பிள்ளைக்கு இஞ்சித் துவையல் வை, மாமாவுக்குச் சோறு எடு, கடைசி இலைக்குத் தண்ணி இல்ல பாரு. என்னலே முழிக்க?"

சின்னண்ணன் அப்படியே நின்றுவிட்டார். கரண்டி பாதியில் நின்றது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் பூதலிங்கம் பிள்ளை, "இங்கன கொஞ்சம் சொதி ஊத்துங்க" என்றார். அசைவில்லை. மறுபடியும் கேட்டார். "என்ன வே, காது கேக்காதா?" யாரோ சிரித்தார்கள்.

பெரியண்ணன் வந்து சின்னண்ணன் தோளைப் பிடித்துத் தள்ளினான். "போலே, வேன்ல ஏறு!"

"கைய எடுங்க" என்றேன். ஆண்கள் பந்திக்குள் புகுந்து பெண்கள் சத்தம் போடுவது எங்கள் வீட்டில் கிடையாது. நான் போட்டேன். "எங்க அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். எல்லாரும் கேட்டுக்கிடுங்க! நாம சொல்லுதது உள்ள போகவே நேரமாவும். அது தெரிஞ்சுக்கிட்டே இவிய கத்துதாவ. இத மறைச்சுத்தான் உங்களுக்குப் பொண்ணு குடுத்தாவ!"

"அத்தை!" என்று ப்ரியா அலறினாள்.

அவள் பக்கம் நான் திரும்பவில்லை. ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதியில் சின்னண்ணன் பைய நகர்ந்து பூதலிங்கம் பிள்ளையின் இலைக்குப் போனார். குனிந்து, கேட்ட சொதியை ஊற்றினார்.

"போதுமா?" என்றார்.

பூதலிங்கம் பிள்ளை அந்தச் சொதி வழிய வழிய இலையை மடித்துவிட்டு எழுந்தார். பின்னாலேயே மாப்பிள்ளையும் மற்றவர்களும் எழுந்து வெளியேறினார்கள். சமாதானம் செய்யப் பெரியண்ணன் அந்த வேனிலேயே ஏறி அவர்கள் பின்னால் பறந்தான்.

திரும்பி வந்ததும், இனித் தனக்குப் பொறுப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சின்னண்ணனை என்னோடு அனுப்பிவிட்டான். ப்ரியாவை அவர்கள் அழைத்துக்கொள்ள ஒரு வருஷம் ஆனது. அவள் இன்று வரை என் முகத்தில் விழிப்பதில்லை. பாவம்தான். ஆனால் அண்ணன் காலில் சங்கிலி இல்லை.