மூன்றாவது தொட்டிக்கு உப்பு போதாது

இதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒன்று பொய்யாக இருந்தாலும் நாளைக் காலையில் என் சூப் பானை அடிப்பிடிக்கட்டும். அடிப்பிடித்ததை நானே வழித்துக் குடிக்கும்படி ஆகட்டும். பொய் சொல்லும் திறமை இருந்திருந்தால் நான் சூப் கடை வைத்துப் பிழைத்திருக்க மாட்டேன், வேறு பெரிய தொழிலுக்குப் போயிருப்பேன்.

எங்கள் கடை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிறது. ஒரு பக்கம் சாவி செய்பவர், மறுபக்கம் கண்ணாடிக் கடை. இரண்டு பேரும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டதுபோல் நடுவில் ஒடுங்கி நிற்கும். உள்ளே நான்கு மேசை. மதியக் கூட்டத்தில் ஒருவர் முட்டியை மடக்கினால்தான் இன்னொருவர் கரண்டியைத் தூக்க முடியும்.

சூப் வைப்பதில் என் முறை எளிமையானது. கரண்டியால் மொள்வேன், உதட்டில் வைப்பேன், உறிஞ்சுவேன், மீதியைப் பானைக்கே திருப்பித் தருவேன். எதையும் வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன். ஒருமுறை மிளகு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்து, சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தபோது பானை காலியாகிவிட்டது. அன்று கடைக்கு விடுமுறை விட்டோம்.

மருமகள் வந்த பிறகு இந்தச் சுதந்திரம் போயிற்று. கடையின் உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றினாள். உணவுப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு வந்தாள். இறைச்சிக்குச் சிவப்புப் பலகை, காய்க்குப் பச்சைப் பலகை, குளிர்பெட்டிக்குள் ஒரு வெப்பமானி, டப்பாக்களின் மேல் தேதிச் சீட்டு. ஒருநாள் மதியம் நான் நாற்காலியில் கண்ணயர்ந்து எழுந்தபோது என் சட்டையிலும் ஒரு சீட்டு இருந்தது. என்ன தேதி என்று நான் பார்க்கவில்லை. சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே மரியாதை.

மகன் லாரி ஓட்டுபவன். வீட்டில் படுத்ததைவிட வண்டியில் படுத்தது அதிகம். ஆகவே கடை என்றால் மருமகள், என் மனைவி, நான். அதில் என்னைக் கணக்கில் சேர்ப்பது ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

மருமகள் நிறைமாதமாக இருந்தபோது சுகாதார அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர். எதைச் சாப்பிட்டாலும் அதன் பின்கதை தெரிந்துவிடுவதால் மெலிந்தவர் என்று நினைக்கிறேன். குளிர்பெட்டியைப் பார்த்தார், பாத்திரம் கழுவும் தொட்டிகளைப் பார்த்தார், எல்லாம் திருப்தி. பிறகு மருமகளைப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா கடையில யாரு இருப்பா?"

"மாமா இருக்காங்க சார்."

அந்த நேரத்தில் மாமா கரண்டியை உதட்டிலிருந்து எடுத்துப் பானைக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

அதிகாரி பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு துக்க வீட்டில் முகத்தை மூடுவதுபோல் பானையைத் தட்டால் மூடினார்.

"இத கொட்டிருங்க" என்றார். "கடை தொறந்திருக்கற நேரம் பூரா, பயிற்சி முடிச்ச ஒருத்தர் உள்ள இருக்கணும். உங்க உரிமத்துலயே போட்டிருக்கு. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு அப்படி ஒருத்தர் இல்லேன்னா ஷட்டர எறக்கிரணும். திரும்பி வர்ற வரைக்கும் தொறக்கக் கூடாது."

அவர் போன பிறகு மூவரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பிள்ளை பெற்று, தேறி, அவள் திரும்பி வர மாதங்கள் ஆகும். அதுவரை பேருந்துக்கு நிற்பவர்கள் பசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காத்திருக்கப் போவதில்லை. எதிர்ச்சாரி ரொட்டி வண்டிக்குப் பழகிவிடுவார்கள். கடை உலைதான் எங்கள் வீட்டு உலை. ஒருமுறை அணைந்தால் மறுபடி மூட்ட எங்களிடம் ஒன்றுமில்லை.

"நான் போறேன் பயிற்சிக்கு" என்றேன்.

மருமகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பாலுக்குப் பூனை காவல் வருவதாகச் சொன்னால் பால் எப்படிப் பார்க்குமோ, அப்படி.

"நானும் கூடப் போறேன்" என்றாள் மனைவி. "இவர தனியா விட்டா பஸ்ஸு மாறி ஏறி, எங்கயாவது கல்யாண வீட்டுல உக்காந்து சாப்பிட்டுட்டு, பயிற்சி நல்லா இருந்துச்சும்பாரு."

"ஆமா அத்தை, நீங்க கண்டிப்பா போங்க" என்றாள் மருமகள், உயிர் வந்ததுபோல. என் மேல்தான் எவ்வளவு அக்கறை.

பயிற்சி நகராட்சி அலுவலகத்தின் மாடியில் நடந்தது. கேக் செய்பவர்கள், பழச்சாறு போடுபவர்கள், பள்ளிக்கூட உணவகத்து ஆட்கள் என்று பெஞ்சு நிறைய ஆள். பயிற்சி தந்த அம்மாளுக்குக் குரல் மணி மாதிரி. பின்வரிசையில் தூங்குபவர்களுக்கென்றே செய்த குரல். நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். மனைவி பக்கத்தில், பொழுது போகட்டும் என்று ஒரு பேனாவோடு.

"கிருமி கண்ணுக்குத் தெரியாது" என்று அம்மாள் தொடங்கினார்.

"நமக்குத் தெரியாதவங்கள பத்தி நாம எதுக்கும்மா பேசணும்?" என்று கேட்டேன்.

"அவங்க உங்கள பத்தித்தான் பேசிட்டிருக்காங்க பெரியவரே. கைய கழுவிட்டு வாங்க."

இளஞ்சூட்டில் கிடக்கும் சூப்பில் ஒரு கிருமி சற்று நேரத்தில் இரண்டாகுமாம், இரண்டு நான்காகுமாம். நான் மனக்கணக்கில் புலி. மதியச் சாப்பாட்டுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்ததில், அந்த அறையில் எங்களைவிட அவர்கள்தான் பெரும்பான்மை என்று தெரிந்தது. எழுந்து நின்று இடம் கொடுத்தேன். அம்மாள் உட்காரச் சொன்னார்.

பாத்திரம் கழுவ மூன்று தொட்டி வைத்திருந்தார்கள். முதலில் சோப்பு நீர், அடுத்தது நல்ல நீர், மூன்றாவதில் கிருமி கொல்லும் மருந்து கலந்த நீர். வரிசையாகப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். யாரோ பக்கத்தில் ஒரு கரண்டியைத் தொங்கவிட்டிருந்தார்கள். தண்ணீர் நிறைந்த ஒரு பாத்திரமும் ஒரு கரண்டியும் அருகருகே இருந்தால் என் கை யாரிடமும் அனுமதி கேட்காது. மூன்றாவது தொட்டியில் மொண்டேன், உறிஞ்சினேன், மீதியைத் தொட்டிக்கே திருப்பினேன்.

"இதுக்கு உப்பு பத்தல" என்றேன்.

அம்மாள் ஒரு சோதனைத் தாளைத் தொட்டியில் நனைத்தார். நிறம் மாற வேண்டிய தாள் வெளுத்துப்போய் நின்றது. மருந்து உண்மையாகவே குறைவாகத்தான் கலந்திருந்தது. அதனால்தான் நான் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் எனக்குக் குடம் குடமாகத் தண்ணீர் கொடுத்து டாக்டரிடம் அனுப்பினார்கள். அடுத்த சில நாட்கள் என்னைக் கண்டால் ஈ தூரத்திலேயே திரும்பிப் போனது. கொசு ஒன்று கடித்துவிட்டு, கடித்த இடத்திலேயே மல்லாந்தது. மனைவி என்னைக் குப்பைத் தொட்டி ஓரமாக நாற்காலி போட்டு உட்காரவைத்தாள், தெருவே சுத்தமாயிற்று.

ஆனால் சிக்கல் அறிவில் இல்லை, கையில் இருந்தது. பயிற்சியின் முடிவில் ஒரு தேர்வு. அதில் ஒரு பானை சூப் வைத்து, எல்லாரும் பார்க்க, ருசி பார்க்க வேண்டும். தனிக் கரண்டியால் ஒருமுறை. வாய்பட்ட கரண்டி பானைக்குத் திரும்பக் கூடாது. திரும்பினால் தோல்வி. விதி எனக்கு மனப்பாடம். கைக்குத்தான் படிப்பு ஏறவில்லை. வீட்டில் சவரத் தண்ணீரை ருசி பார்த்தது. கண்ணாடிக் கடைக்காரர் சுவருக்கு வெள்ளை அடித்தபோது வாளியில் மொண்டு பார்த்தேன். இன்னும் கொஞ்சம் கொதிக்கலாம் என்றேன். அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

மனைவி எனக்கு முகக்கவசம் மாட்டிவிட்டுப் பயிற்சி கொடுத்தாள். கரண்டி வந்து கவசத்தில் இடித்தால் கை வெட்கப்படும் என்பது அவள் எண்ணம். கை வெட்கப்படவில்லை. கவசம்தான் ஊறியது. அதைப் பிழிந்தால் ஒரு கிண்ணம் வந்தது.

"வடிகட்டுன சூப்பு" என்றேன்.

"இந்த வாய வச்சுக்கிட்டு எப்படித்தான் இத்தனை வருஷம் ஜனங்க உசுரோட வந்து போனாங்களோ" என்றாள். பிறகு அவள் என் எதிரில் நின்று, சரியாகச் செய்வது எப்படி என்று செய்து காட்டினாள். சுத்தமான கரண்டி, ஒரு சொட்டு, கரண்டி தொட்டிக்கு. வெப்பமானியின் முனையைத் துடை, பானையின் நடுவில் விடு, முள் நிற்கும்வரை பொறு. எனக்காக இதைத் தினமும் செய்தாள். பாவம், அவளுக்கு எதற்கு இந்தக் கஷ்டம் என்று நான் நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேர்வன்று விடியற்காலையில் மருமகளுக்கு வலி எடுத்தது. நல்லவேளையாக லாரியும் மகனும் ஊரில் இருந்தார்கள். வண்டியில் ஏறும்போது அவள் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, கடை..."

"கடைய நான் பாத்துக்கறேன். நீ புள்ளைய பாரு."

நான் இருக்கும்போது இப்படி ஒரு பேச்சு. வலியில் இருப்பவளிடம் எதற்கு வாதம் என்று விட்டேன்.

தேர்வு அறையில் மெலிந்த அதிகாரியே மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மூன்றாவது தொட்டியைத் தன் நாற்காலிக்குப் பின்னால் நகர்த்தினார். எழுத்துத் தேர்வுத் தாள் கொடுத்தார்கள். பெஞ்சில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் மனைவிக்கும் ஒன்று கிடைத்தது. அவளும் எதையோ கிறுக்கினாள்.

அடுத்து அடுப்பு. பக்கத்து அடுப்பில் மனைவி எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள்; சும்மா நின்றால் கால் வலிக்கும். என் பானை கொதித்தது. கை எழுந்தது. கரண்டி உள்ளே போய் உதட்டுக்கு வந்தது. உறிஞ்சினேன். கை பானையை நோக்கித் திரும்பியது.

"பெரியவரே" என்றார் அதிகாரி, மெதுவாக, கிணற்று விளிம்பில் நிற்பவனைக் கூப்பிடுவதுபோல.

என் கை அந்தரத்தில் நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்காதீர்கள். கேக் செய்பவர் ஒருவர் அதற்குள் ஒரு கேக்கை வேகவைத்து, ஆறவைத்து, மேலே சர்க்கரைப் பூ வைத்தார். கரண்டியில் இருந்த சூப் வற்றிப் பொடியானது. கைக்கும் எனக்கும் நடந்த போரில் சட்டையின் தோள்பட்டைத் தையல் பிரிந்தது. கடைசியில் நான் ஜெயித்தேன். கரண்டி பானைக்குள் போகாமல் தொட்டிக்குள் போய் விழுந்த ஓசைக்கு அறையே எழுந்து நின்றது. பயிற்சி அம்மாள் கண்ணைத் துடைத்தார். அதிகாரி என் கையைக் குலுக்க வந்து, பிறகு யோசித்து, தன் கையைக் கழுவப் போனார்.

"உங்கள மாதிரி ஒருத்தர நான் பாத்ததே இல்ல" என்றார். என் காதாலேயே கேட்டேன்.

சான்றிதழ் அங்கேயே கையோடு கிடைத்தது. அன்று மதியம் ஷட்டர் ஏறித்தான் இருந்தது. சூப் கொதித்தது. நான்கு மேசையும் நிறைந்தன. மகன் பேசினான், பெண் குழந்தை, இருவரும் நலம். மருமகள் போனை வாங்கினாள்.

"மாமா, அத்தைகிட்ட குடுங்க."

"என்னம்மா, என்கிட்டயே சொல்லேன். கடை தொறந்திருக்கு. ஒரு குறையுமில்ல."

"அதான் மாமா, அத்தைகிட்ட குடுங்க."

மருமகள் குழந்தையோடு வீட்டில் இருந்த நாள்வரை கடை ஒருநாள்கூட மூடவில்லை. அதிகாரி ஒருமுறை சோதனைக்கு வந்தவர், ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு இன்னொன்றும் கேட்டார். எனக்கு இப்போது வாசலில் நாற்காலி போட்டிருக்கிறார்கள். வருபவர்களை வரவேற்பது, நடந்ததைச் சொல்வது, பேருந்து வந்தால் குரல் கொடுப்பது. நிர்வாகம் என்பது அடுப்புக்குத் தள்ளி இருந்தால்தான் நடக்கும்.

நம்பாதவர்கள் நேரில் வரலாம். சான்றிதழ் கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதில் ஒட்டியிருப்பது என் மனைவியின் புகைப்படம்.