கயிற்றை இழுக்காதவள்

1

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லில் பிறந்தது. அந்தச் சொல்லைச் சொன்னவன் நான். சொல்லவே கூடாத நேரத்தில், வாக்கி டாக்கியில், தொண்டை கிழியக் கத்தினேன். அதற்கப்புறம் இரண்டு வருஷமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. யாருக்குச் சொன்னேனோ அந்தக் கனகலட்சுமியிடம் ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. படித்துவிட்டு, ‘இனி என் மூஞ்சியில் முழிக்காதே’ என்று அவள் சொன்னாலும் சொல்லலாம். அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

‘ஒரகடத்தின் மேல் வானம் நீலமாக விரிந்து (சீ! ஷிப்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவன் எவன் இங்கே வானத்தைப் பார்த்தான்? அடித்துவிட்டேன்.)

‘ஆதிகாலம் தொட்டே மனிதன் பறவைகளைப் பார்த்து (இது ஏழாம் வகுப்புக் கட்டுரை. இதுவும் போச்சு.)

சரி, நேராகவே சொல்கிறேன். 2012 அக்டோபரில், வல்லக்கோட்டை போகிற வழியில், ஒரு மனைப்பிரிவின் நாற்பதடி ரோட்டில், எங்கள் கம்பெனி இன்ஜின் லைனில் வேலை பார்க்கும் கோவில்பட்டிப் பெண் ஓடினாள். ஓடினாள், ஓடினாள், பறந்துவிட்டாள்! இப்போது நினைத்தாலும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துதான் இந்த வரியை எழுதுகிறேன்.

2

முதல் பிரதியில் அவளை ஆணாக்கிவிட்டேன். பெருமாள்சாமி என்று பெயர் வைத்து, மீசையும் வைத்தேன். ஒரு பெண் முதுகில் இன்ஜினைக் கட்டிக்கொண்டு பறந்தாள் என்றால் யார் நம்புவார்கள் என்று எனக்கே சந்தேகம். கேன்டீனில் அந்த நாலு பக்கத்தை (அதில் அந்தச் சொல் இல்லை) படித்தவள் சாம்பார் கரண்டியை எடுக்காத குறை.

“ஏண்ணே, நான் பறந்தத அந்தப் பெருமாள்சாமிக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டீகளே, இது நல்லாவா இருக்கு?”

“கதைனா அப்டி இப்டித்தான் இருக்கும் கனகா.”

“அப்டினா உங்க பேரையும் மாத்துங்க. முனியம்மானு வைங்க.”

மாற்றிவிட்டேன், பெருமாள்சாமியை மறுபடி கனகலட்சுமியாக. என் பெயர் சுபாஷ், ஊர் மண்ணூர். எங்கள் நிலம் இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர் நிற்கிறது. அது வேறு கதை, அதை இங்கே இழுக்க மாட்டேன்.*

* ‘இழுக்க மாட்டேன்’ என்று சர்வசாதாரணமாக எழுதிவிட்டேன் பாருங்கள். அந்தச் சொல்தான் இந்தக் கதை.

3

அந்த மனைப்பிரிவுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் ரகுபதி என்பவரை வரவழைப்பார். ரகுபதிக்கு முப்பது வயசிருக்கும், வியாசர்பாடி. முதுகில் இன்ஜின், அதன் பின்னால் பெரிய விசிறி, தலைக்கு மேல் துணியில் தைத்த இறக்கை. அதை மாட்டிக்கொண்டு பறப்பார். பின்னால் ஒரு பேனர் படபடக்கும்: ‘சென்னைக்கு மிக மிக அருகில்!’

ஆகஸ்டில் ஒருநாள் நானும் கனகாவும் இன்னும் நாலைந்து பேரும் வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு நடந்து வந்தோம். ரகுபதி இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அது இருமியது, நின்றது. கனகா ரோட்டோரமாக நின்று காதைச் சாய்த்தாள். அவளுக்கு லைனில் அதுதானே வேலை. ஒரு ஷிப்டில் நூறு இன்ஜினை ஓட்டிக் கேட்பவள்.

“சார், கார்ப்ரேட்டர்ல தூசி அடைச்சிருக்கு. கழத்தி ஊதுங்க.”

“இன்னாமா, மெக்கானிக்கா நீ?”

“நான் ஊதித் தாரேன். ஓடுச்சுன்னா எனக்கு இத ஓட்டக் கத்துத் தாரீகளா?”

ஊதினாள். ஓடியது. ரகுபதி சிரித்துக்கொண்டே தலையில் கை வைத்தார். இப்படித்தான் பேரம் முடிந்தது: இன்ஜினை அவள் பார்த்துக்கொள்வாள், பறக்க அவர் சொல்லித்தருவார்.

4

இங்கே கட்டுரை மாதிரி ஒரு பத்தி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் லைனில் தலைக்கு மேல் ஒரு நீலக் கயிறு கடைசிவரை ஓடும். எது தப்பாகத் தெரிந்தாலும் அதை இழுக்க வேண்டும். போல்ட் ஆடுகிறதா, இழு. சத்தம் மாறுகிறதா, இழு. இழுத்தால் ஒரு பாட்டு ஒலிக்கும், லைன் நிற்கும், சூப்பர்வைசர் ஓடி வருவார். இழுத்தவனுக்குத் திட்டு கிடையாது. பார்த்தும் இழுக்காதவனுக்குத்தான் மெமோ. நான் ஒரு மாசம் அதிக தடவை இழுத்து போட்டோவோடு போர்டில் ஏறியவன்.

துணி இறக்கையிலும் தலைக்கு மேல் இரண்டு கைப்பிடி தொங்கும். கொஞ்சம் இழுத்தால் வேகம் குறையும். பயந்துபோய் இரண்டையும் முழுசாக இழுத்தால் துணி காற்றை விட்டுவிடும், ஆள் பொத்தென்று விழுவான். இறக்கை ஆடினால் கையை மேலே விட வேண்டும், அதுவே சரியாகிவிடும். தரை கால் பக்கம் வந்த பிறகுதான் இழுக்கணும்.

கனகாவின் கை கேட்கவில்லை. தரையில் நின்றே எட்டு ஞாயிறு பயிற்சி. துணி லேசாக ஆடினால் போதும், கை தானாக இழுத்துவிடும். துணி சுருண்டு தலையில் விழும்.

“இன்னாமா இது, உன் கம்பெனி லைனா?” என்று கத்தினார் ரகுபதி. “கைய மேல வுடு! இன்னொரு வாட்டி இழுத்தே, சத்தியமா உன்னை மேல அனுப்ப மாட்டேன்.”

அவள் ஹாஸ்டலில் துணி காயும் கொடியின் கீழே நின்று கையை மேலேயே வைத்துப் பழகினாளாம். ஒன்பதாவது ஞாயிறுதான் ரகுபதிக்கு அங்கே கடைசி நாள். மனை விற்றுத் தீர்ந்துவிட்டது. அன்றைக்குப் பறந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

5

காலை ஆறரைக்கே பறந்திருக்க வேண்டும். மனை பார்க்க வந்தவர்களுக்குப் பொங்கல், வடை, போட்டோ என்று ஒன்பதாகிவிட்டது. பக்கத்துக் கம்பெனியின் தகரக் கூரை சூடேறி, அதன் மேல் காற்று கொதிக்க ஆரம்பித்துவிட்டது. ரகுபதி யோசித்தார். கனகா அவர் முகத்தையே பார்த்தாள். “சரி போ. கூரைப் பக்கம் மட்டும் போகாத” என்றார்.

ஓடினாள். பதினாலாவது அடியில் கால் தரையில் இல்லை! நான் எகிறிக் குதித்தேன். மனை பார்க்க வந்தவர்களின் டிரைவர்கள் விசிலடித்தார்கள்.

அப்போது பார்த்து ஒரு வேன் அந்த ரோட்டுக்குள் திரும்பியது. அவள் இறங்க வேண்டிய ரோடு. ரகுபதி அவள் காதோடு பேசும் வாக்கியை என் கையில் திணித்தார். “சும்மா புடிச்சிக்கினு நில்லு, ஒன்னும் பேசாத” என்று சொல்லிவிட்டு வேனை நிறுத்த ஓடினார்.

திரும்பும்போது அவள் கூரைக்கு மேலே போய்விட்டாள். இறக்கையின் வலது பக்கம் அப்படியே மடங்கியது. இருநூறு அடி உயரம். என் கை தலைக்கு மேலே போய் இல்லாத கயிற்றைத் தேடியது. வாய் கத்தியது.

“இழு கனகா! இழு!”

கண்ணை மூடிக்கொண்டேன். எழுத்தாளன் லட்சணம்! பார்க்க வேண்டிய நேரத்தில் கண்ணை மூடியவன்.

6

முடிவுகள்:

(அ) வாக்கியின் பட்டனை நான் அமுக்கவே இல்லை, அவளுக்குக் கேட்கவில்லை. இது எனக்குச் சௌகரியமான முடிவு. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

(ஆ) அவள் கேட்டாள், இழுத்தாள், (இதை எழுத மாட்டேன். நடக்கவும் இல்லை. கண்ணைத் திறந்தபோது இறக்கை முழுசாக விரிந்திருந்தது, அவள் கூரையைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள்.)

(இ) தெரியாது.

7

நேற்று ஆறு பகுதியையும் அவளிடம் கொடுத்தேன். படித்தாள். நான் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தேன். டீ எப்போதோ ஆறிப்போயிருந்தது.

“கேட்டுச்சுண்ணே” என்றாள்.

டம்ளரைக் கீழே வைத்தேன். “அப்ப தெரிஞ்சிக்கினே ரெண்டு வருஷமா...”

“நீங்களா எப்பச் சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“மன்னிச்சிக்க கனகா. அப்ப ஏன் இழுக்கல?”

“கை பாதி வந்துட்டு. அந்நேரம் கீழ பாத்தேன். வல்லக்கோட்டைக் கோபுரம் உள்ளங்கையளவு. ஏரியெல்லாம் பளபளன்னு கெடக்கு. புதுக் காரு ஏத்துன லாரி வரிசையா, தீப்பெட்டி அடுக்குன மாதிரி. ‘மிக மிக அருகில்’னு போட்டிருக்கானேன்னு மெட்ராஸத் தேடுதேன், காணவே காணம்! எனக்குச் சிரிப்பு வந்துட்டு. இழுத்தா லைன் நின்னு போகும்லா? எனக்கு நிறுத்த மனசில்லண்ணே. அம்புட்டு நல்லா இருந்துச்சு. கைய மேல விட்டுட்டேன்.”

இப்போது அவள்தான் வாலாஜாபாத் ரோட்டு மனைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பேனர் இழுக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் லைன், ஒரு நாள் வானம். எட்டு ஞாயிறாக எனக்கும் சொல்லித்தருகிறாள்.

“நாளைக்கு நீங்க பறக்கீக. வாக்கி என் கையில இருக்கும்.”

“நான் ஆடினா இன்னா சொல்லுவ?”

“நீங்க எனக்குச் சொன்னதத்தான்” என்று சொல்லிச் சிரித்தாள் பாருங்கள், டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

8

ஞாயிறு, காலை ஆறு இருபது. இன்ஜின் என் முதுகில். செக் ஷீட்டின் பின்பக்கத்தில், தொடையில் வைத்து எழுதுகிறேன். பயமாக இருக்கிறது, அதைவிட ஆசையாக இருக்கிறது. கனகா வாக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணடிக்கிறாள். அவளை நம்ப முடியாது.

நல்லவேளை, இன்னொரு வாக்கி இருக்கிறது. அது இதைப் படிக்கிற உங்களிடம். நான் கண்டிப்பாக ஆடுவேன். என் கை இல்லாத கயிற்றைத் தேடும். அப்போது என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பட்டனை நன்றாக அமுக்கிச் சொல்லுங்கள்.

காற்று எதிரே வருகிறது. பேனாவை மூடுகிறேன், இரண்டு கையும் மேலே இருக்க வேண்